நட்டின் மேல் வெள்ளைக் கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மிஷினில் ஒரு போல்ட்கூடத் தளர்ந்திருக்கவில்லை. தளர்ந்திருந்தது, அதை முறுக்காமல் விட்டது நான்தான் என்று போலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெண்டாட்டி செல்வலட்சுமிக்குக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் முனியராஜ் என்று விசாரித்தால், அஜாக்கிரதையால் சொந்த மச்சினனைக் கொன்றவன் என்று அடையாளம் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வெடிக் கம்பெனியில் முப்பத்திரண்டு ரூம். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்று ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். நடுவில் கிடக்கிற கரிசல் பொட்டலில் கோடை மழைக்குப் புல் முளைக்கும். ஆடிக் காற்றில் காயும். காய்ந்துவிட்டால் அது புல் இல்லை, ரூமுக்கு ரூம் இழுத்துவிட்ட திரி. முன்பெல்லாம் பத்துப் பொம்பளைகள் அரிவாளும் மண்வெட்டியுமாக ஒரு வாரம் உட்கார்ந்து அறுப்பார்கள். சீசன் நேரத்தில் பத்துப் பேரைப் புல்லுக்கு விட முதலாளிக்கு மனசு வருமா? டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற புல்வெட்டி மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் நான்.

பார்ப்பதற்கு அது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. அகலமான ஒரு இரும்பு மூடி, அதற்கடியில் சுற்றுகிற இரண்டு பிளேடு. அவ்வளவுதான். ஆனால் வெடிக் கம்பெனிக்குள் சுற்றுகிற இரும்பு என்பதால் அதற்கு நான் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சம் இல்லை. தினமும் காலையில் மூட்டுகளுக்கு கிரீஸ் அடிப்பேன். மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் புல்லைத் தகரத்தால் சுரண்டி எடுப்பேன். விட்டால் அது காய்ந்து சூட்டில் புகையும். கல் தெறிக்காமல் இருக்க முன்னும் பின்னும் தொங்குகிற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன். பிளேடு மழுங்கினால் கம்பெனிக்குள் வைத்துத் தீட்ட முடியாது, பொறி பறக்கும். கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் திருத்தங்கல் போய் முகம்மது யூசுப் பாய் பட்டறையில் தீட்டிக்கொண்டு வருவேன். பாய் இரண்டு பிளேடையும் தராசில் வைத்துச் சரிக்குச் சரி எடை பார்த்துத்தான் தருவார். ஒன்று கனத்தாலும் மிஷின் நடுங்கும். நடுங்கினால் நட்டு கழலும்.

பிளேடைத் திரும்ப மாட்டி முறுக்கிய பிறகு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பேன். நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை ஒருநாள் பார்த்துவிட்டு செல்வலட்சுமி, "என் நெத்தியில ஒரு நாளாவது பொட்டு வச்சுவிட்டிருக்கீகளா? அந்த நட்டுக்கு மட்டும் கோடு போடுதீக" என்றாள். அவள் அதே கம்பெனியில் எட்டாம் நம்பர் ரூமில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள். நான் கோடு போட்டதே அவள் அந்த ரூமில் இருக்கிறாள் என்பதற்காகத்தான். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, வண்டியைக் கிளப்பும் முன் புல்லுக்குள் ஒரு கம்போடு முழுக்க நடந்து பார்ப்பேன். கல், பாட்டில், கம்பி எல்லாம் பொறுக்குவேன். சில நாள் வெடிச் சரக்கும் கிடக்கும். ஒரு ரூமில் இவ்வளவு சரக்குதான் இருக்கலாம், இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று சட்டம் இருக்கிறது. சீசனில் அந்தச் சட்டம் சுவரில் எழுதி வைத்த போர்டோடு சரி. சோதனை போட ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தால் போர்மேன் காமராஜ் அண்ணாச்சி ரூம் ரூமாக ஓடுவார். அதிகப்படிச் சரக்கை எல்லாம் சாக்கில் கட்டி உயரமான புல்லுக்குள் ஒளித்துவைக்கச் சொல்வார். அதே ஆபீசர் புல் உயரமாக இருந்தாலும் எழுதிவிடுவார் என்று என்னைப் புல் வெட்டவும் சொல்வார். ஒரே வாய்தான், இரண்டையும் சொல்லும்.

ஒருமுறை சத்தம் போட்டேன். "அண்ணாச்சி, புல்லுக்குள்ள வெடிய வச்சுட்டுப் புல்ல வெட்டுன்னா என்ன அர்த்தம்?"

"ஏலே, நீதான் நடந்து பாத்துட்டுத்தான ஓட்டுத? பெறகு என்ன?" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் கவனமாக இருப்பதாலேயே மற்றவர்கள் கவனமாக இருக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. செல்வலட்சுமிகூட அப்படித்தான். வேன் ஏறும்போது, "எட்டாம் நம்பருக்குப் பின்னால ரெண்டு சாக்கு கெடக்கு, பாத்துக்கோங்க" என்று புளிக்குழம்பு அடுப்பில் இருப்பதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவாள். நானும் போய் எடுத்து வேப்பமரத்தடியில் ஒதுக்கிவிட்டுத்தான் மிஷினை விடுவேன். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

இரண்டாயிரத்தாறாம் வருஷம் ஆவணியில் சிக்குன்குனியா வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, கக்கூசுக்குப் போவதற்கே செல்வலட்சுமி தோள் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாள் கம்பெனிக்குப் போகவில்லை. டிராக்டர் சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாரிக்கண்ணன் வந்து நின்றான். செல்வலட்சுமியின் தம்பி. கம்பெனியில் பேப்பர் குழாய் லோடு ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன். இருபத்துநாலு வயது, தையில் கல்யாணம் வைத்திருந்தது. செல்வலட்சுமி ஆறரை மணி வேனிலேயே வேலைக்குப் போய்விட்டாள்.

"மச்சான், சாவி வேணும். வியாழக்கெழம வரவேண்டிய ஆபீசர் இன்னைக்கு மத்தியானமே வாராராம். போர்மேன் குதிக்காரு. புல்லு இடுப்பளவுக்கு நிக்கி."

"ஏலே மாப்ளே, நடந்து பாக்காம ஓட்டக்கூடாது. யாராவது ரெண்டு பேர முன்னால நடக்கச் சொல்லு."

"சரி மச்சான்."

"அங்கன சரக்கு கெடக்கும்லே. ஒங்க அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ."

"கேட்டுக்கிடுதேன். எம்புட்டு தடவ சொல்லுவீக?"

சாவியைக் கொடுத்தேன். கொடுத்த கை இதுதான். செல்போன் எதுவும் கம்பெனிக்குள் கொண்டு போகக்கூடாது. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட எனக்கு வழி இல்லை. என்னால் செய்ய முடிந்தது சாவியைக் கொடுக்காமல் இருப்பது ஒன்றுதான். அதையும் செய்யவில்லை.

பதினொன்றரை மணிக்குச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். தெருவில் பொம்பளைகள் புகை தெரிகிற திசையில் தலைவிரி கோலமாக ஓடினார்கள். நான் வாசல் வரைக்கும் தவழ்ந்து போனேன். அதற்கு மேல் முடியவில்லை. செல்வலட்சுமி போய்விட்டாள் என்றே நினைத்து அழுதேன். சாயங்காலம் வேனில் அவள் உயிரோடு வந்து இறங்கினாள். சேலையெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும், "தம்பி போயிட்டான்" என்றாள். அதற்கடுத்து, "மூணு சாக்கு. நாந்தான் தூக்கிட்டுப் போயி வச்சேன்" என்றாள்.

நடந்தது இதுதான். எட்டரை மணிக்கு போர்மேன் எட்டாம் நம்பர் ரூமுக்குப் போய்ச் சரக்கை ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். நான் படுக்கையில் கிடப்பதால் புல் வெட்ட ஆள் இல்லை, இன்றைக்கு இந்த உயரப் புல்லைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று என் பெண்டாட்டி கணக்குப் போட்டிருக்கிறாள். மூன்று சாக்கு அணுகுண்டைப் பின்பக்கம் கொண்டுபோய் மறைத்துவிட்டு வந்து சணல் சுற்ற உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கால் மணி நேரத்தில் அதே போர்மேன் மாரிக்கண்ணனை என்னிடம் அனுப்பியிருக்கிறார். அவன் திரும்பி வந்து, முன்னால் நடக்க ஆள் கேட்டிருக்கிறான். "நேரமில்லலே, ஓட்டு" என்று பதில் வந்திருக்கிறது. அக்காவைக் கேட்கப் போனானா, மறந்தானா, தெரியாது. ரூமுக்குள் பொம்பளைகளுக்கு டிராக்டர் சத்தம் கேட்டிருக்கிறது. லோடு ஏற்ற வந்த டிராக்டர் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவனை மதுரைக்குக் கொண்டு போகிற வழியில் உயிர் போய்விட்டது.

கருமாதி முடிவதற்குள் செல்வலட்சுமி பாதியாகிவிட்டாள். சோறு கண்ட இடத்தில் எழுந்து போனாள். யாராவது துக்கம் கேட்க வந்தால், "மூணு சாக்கு" என்று மட்டும் சொன்னாள். வந்தவர்களுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு ராமுத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். காட்டுக் கிணற்று மேட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாளாம். "கெணத்துல தண்ணி இல்லன்னு இவளுக்குத் தெரியாதா? பாறதான் கெடக்கு" என்று ராமுத்தாய் என் காதருகே சொன்னாள். மாரிக்கண்ணனுக்கு இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. இவளையாவது வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

அதே வாரம் யூசுப் பாய் ஆள் அனுப்பினார். போலீஸ் பார்த்து முடித்ததும், கம்பெனி அந்தப் புல்வெட்டியைத் துண்டு போட்டு எடைக்குப் போடச் சொல்லி அவர் பட்டறைக்கே அனுப்பியிருந்தது. முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து பஸ் ஏறிப் போனேன்.

"வெட்டுறதுக்கு முன்னால நீ ஒரு தடவ பாத்துரு தம்பி" என்றார் பாய்.

மூடியின் தகடு அடியிலிருந்து மேலே பிதுங்கிக் கிழிந்திருந்தது. பூரி உப்புகிற மாதிரி. கல் தெறித்தால் அப்படி ஆகாது. குனிய முடியாமல் தரையில் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். பிளேடு இரண்டும் வளைந்திருந்தன, ஆனால் இருந்த இடத்தில் இருந்தன. கரியைத் துணியால் துடைத்தேன். நாலு நட்டிலும் வெள்ளைக் கோடு நேர்கோடாக இருந்தது. ஒன்றுகூட ஒடியவில்லை.

"ஒம் மேல தப்பு இல்ல. எங்க வந்து கேட்டாலும் நான் சொல்லுவேன்" என்றார் பாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷம் நான் பார்த்த பார்வை வீண் போகவில்லை என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தோஷமாக இருந்தது. மறு நிமிஷம் அந்தச் சந்தோஷம் செத்தது. என் மேல் தப்பு இல்லை என்றால் பிறகு யார் மேல்?

"வெட்டிருங்க பாய். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவர் கேஸ் கட்டரைப் பற்றவைத்தார்.

காமராஜ் அண்ணாச்சி மறுநாள் வீட்டுக்கு வந்தார். செல்வலட்சுமி பின்கட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முனியா, பிளேடு போல்ட்டு லூசா இருந்துச்சு, கல்லுல அடிச்சுப் பொறி வந்துச்சு, புல்லு பத்திருச்சு, அவ்வளவுதான். நீ பத்து நாளா மிஷின கவனிக்கல, மேலுக்குச் சொகமில்ல. அது பெரிய குத்தமில்ல. சரக்குன்னு வாயத் தொறந்தா, எந்த ரூமு, யாரு வச்சான்னு கேப்பான். மொதப் பேரு யாரு பேருன்னு ஒனக்கே தெரியும்."

இந்த மனுஷனை நான் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஏனென்றால் அவர் வந்து சொன்ன பொய், நான் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த பொய். முதலாளியைக் காப்பாற்ற அவர் கொண்டுவந்ததை, செல்வலட்சுமியைக் காப்பாற்ற நான் வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். கேஸ் என் மேல் ஆனது.

அன்று சாயங்காலம் அவள் தானாக எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "போல்ட்டுன்னு எழுதிக் குடுத்தீகளாமே. ஊரே பேசுது. நெசமாவா?"

"நெசந்தான்."

"எனக்காகச் சொல்லாதீக. நான் வச்ச சரக்குத்தான வெடிச்சது?"

"சரக்கு பெறகுதான் வெடிச்சது. போல்ட்டு கழண்டு பொறி பறந்ததாலதான் எல்லாம். காய்ச்சல் வாரதுக்கு மொத நாளு பிளேடு மாட்டுனேன். கை வலின்னு முறுக்காம விட்டுட்டேன். கோடும் போடல."

அவள் நம்பவில்லை. எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். எங்கள் பக்கம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அதைத் தொட மாட்டான்.

"அணைங்க" என்றாள்.

முழங்கால் மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். உள்ளங்கையை வைத்து அணைத்தேன். "போல்ட்ட முறுக்காம விட்டது நான்தான். சத்தியம்" என்றேன்.

தம்பி செத்த நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் சோறு போட்டுச் சாப்பிட்டாள், தட்டு நிறைய. எனக்குப் போடவில்லை. அன்றையிலிருந்து அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் அதற்கும் சம்மதம்தான். கிணற்று மேட்டுக்குப் போகவில்லை, அது போதும் என்று இருந்தேன்.

தை மாதம் கம்பெனி மறுபடியும் திறந்தது. செல்வலட்சுமி எட்டாம் நம்பர் ரூமுக்கே போனாள். வேறு எங்கே போவாள்? என்னை எந்தக் கம்பெனியிலும் வண்டி தொட விடவில்லை. கோர்ட்டு வாய்தாவுக்குச் சாத்தூர் போய் வருவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. புதுப் புல்வெட்டி வாங்கியிருப்பதாகவும் கோவில்பட்டிப் பக்கமிருந்து புது டிரைவர் வந்திருப்பதாகவும் ராமுத்தாய் சொல்லித் தெரிந்தது.

பங்குனியில் ஒருநாள் காலை. தெருமுனையில் வேனுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். செல்வலட்சுமி தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராமுத்தாயிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"இன்னைக்கு ஆபீசர் வாராராம். நேத்து போகும்போதே சரக்க எல்லாம் பின்னால புல்லுக்குள்ள கொண்டுபோயி வச்சாச்சு. நம்ம ரூமு மட்டும் அஞ்சு சாக்கு."

வாசலை விட்டு இறங்கிப் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசினேன்.

"லட்சுமி, இன்னைக்குப் புல்லு வெட்டுதாகளா?"

அவள் எங்கோ பார்த்துக்கொண்டு, "காலைல வெட்டுவாக" என்றாள்.

"அந்த டிரைவருகிட்ட சரக்கு கெடக்குன்னு சொன்னீகளா? அவன் நடந்து பாப்பானா?"

"எதுக்குச் சொல்லணும்? வெளியூர்க்காரன், ஆபீசருகிட்ட ஒளறிருவான்னு அண்ணாச்சி சொல்ல வேண்டாம்னுட்டாக. சரக்கு அதுபாட்டுக்குக் கெடக்கு, அது யார என்ன செய்யுது? போல்ட்டு ஒழுங்கா இருந்தாச் சரி. அந்த டிரைவரு உங்கள மாதிரி இல்ல."

ராமுத்தாயும் மற்றப் பொம்பளைகளும் தலையாட்டினார்கள். எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவளை மட்டும் நம்பவைக்க நான் சொன்னது முப்பத்திரண்டு ரூமுக்கும் பரவிவிட்டது. புல்லுக்குள் சரக்கு வைப்பதில் ஆபத்தில்லை என்று என் சத்தியமே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

வேன் வந்து நின்றது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"போகாத. நான் சொன்னது பொய். போல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு. யூசுப் பாய் பட்டறையில நானே பாத்தேன். வெடிச்சது சரக்குதான் லட்சுமி. நீ வச்ச சரக்கு."

சொல்லிவிட்டேன். எந்த வார்த்தை அவள் காதில் விழக்கூடாது என்று ஊர்ப் பழியைச் சுமந்தேனோ, அதைத் தெருவில் நாலு பேர் பார்க்க என் வாயாலேயே சொன்னேன். அவள் இடிந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரட்டும், வேனில் ஏறாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அவள் உட்காரவில்லை. என் கையை உதறினாள்.

"கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுன வாயிதான இது? வாய்தாவுக்கு அலைய முடியலன்னதும் பேச்ச மாத்துதீகளோ? என் தம்பியத் தின்னது பத்தலைன்னு இப்பப் பளிய என் தலையிலயே கட்டப் பாக்கீகளா?"

"சத்தியமாச் சொல்லுதேன் லட்சுமி..."

"இன்னொரு சத்தியமா?" என்றாள்.

வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராமுத்தாய் என்னை ஒதுக்கிவிட்டுப் பின்னாலேயே ஏறினாள். டிரைவர் ஹாரன் அடித்து, வழியை விடச் சொன்னான். நான் விட்டேன்.